ஜாடியைக் கவுத்துப் பாருடா

வாங்கு மவனே, வாங்கு. உங்கப்பன் வேணான்னான், பொண்டாட்டி வேணான்னா, திண்டிவனத்துல சீட்டு புடிக்கிற உன் மச்சான்கூட வேணான்னான்னு கேள்விப்பட்டன். வாங்குன்னு சொல்ல பெரியப்பன் நான் ஒருத்தன் இருக்கன். ஜெர்மனிக்காரன் நூறு வருசத்துக்கு முன்ன பீரு குடிச்ச பீங்கான் ஜாடி. அதுல கூர் வச்ச தொப்பியோட ஒரு சிப்பாயி, பக்கத்துல கொடி, பீரங்கி, அவங்க ராசா மூஞ்சி. மூடி மேல இன்னொரு சிப்பாயி குந்திக்கினு இருக்கான். அரை லிட்டர் புடிக்கிற சாமானுக்கு ஒரு கறவ மாட்டு வெல. விழுப்புரத்துல புதுசா கட்டுன ஊட்டுல டிவிக்குப் பக்கத்துல அதை வச்சிக்கினு, வர்றவன் போறவனுக்கெல்லாம் ரெஜிமென்ட்டு, ரெஜிமென்ட்டுன்னு நீ வெளக்கம் சொல்றதைக் கேட்டா எனக்கே நெஞ்சு நிமிருது. நம்ம வம்சத்துல ஒருத்தன் என்சிசியிலகூட சேந்ததில்ல. ராணுவப் பெரும காசுக்குக் கெடைக்குதுன்னா வேணாங்கலாமா?

உனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியல. எங்க பாக்கணுங்கறது தெரியல.

நான் ஆயுசு பூரா மாட்டுத் தரகு பாத்தவன். துண்டைப் போத்தி, உள்ள வெரலப் புடிச்சி, பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாம வெல பேசுன கையி இது. சந்தைக்கு வர்ற மாட்டுக்குக் கொம்புல பெயிண்டு அடிச்சிருப்பான், நெத்தியில பொட்டு வச்சிருப்பான், கழுத்துல சலங்கை கட்டியிருப்பான். வாங்க வந்தவன் கொம்பப் பாத்துக்கினு நின்னான்னா எங்களுக்கு அன்னிக்கு பிரியாணி. வாயப் பொளந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துபோச்சான்னு பாத்தான்னா வயித்துல புளியக் கரைக்கும். நீ வாங்கியாந்த ஜாடி மூணையும் பாத்தன். மூணும் கொம்பப் பாத்து வாங்குனது. பீங்கானுக்குப் பல்லு அடியில இருக்குது மவனே. ஜாடியைக் கவுத்துப் பாருடா.

இதெல்லாம் உனக்கெப்பிடி பெரியப்பான்னு மூஞ்சியக் கோணாத. மாட்டு ஏவாரம் படுத்தப்புறம், ஆரோவில் பக்கம் பழைய கதவு, தூணு, ஜாடி வாங்கி விக்கறவங்களுக்கு ஊர் ஊராப் போயி ஊடு காட்டி உட்டவன் நானு. மிச்சத்தைப் பேத்தி போன்ல படிச்சிக் காட்டுனா. நீ காசு குடுத்துக் கத்துக்கினதை நான் கயித்துக் கட்டில்ல படுத்துக்கினே கத்துக்கினேன்.

மொதல்ல அது இன்னா ஜாடின்னு தெரிஞ்சுக்கோ. நீ எல்லார்கிட்டயும் ‘கைசர் குடுத்த பரிசு’ன்னு சொல்லிக்கினு திரியற. கைசர்ங்கற அவங்க ராசா ஒரு சொம்புகூட குடுக்கல. அந்தக் காலத்து ஜெர்மனியில ஆம்பளப் புள்ளைங்களுக்குக் கட்டாய ராணுவம். வருசக் கணக்கு முடிஞ்சி, அப்பாடா ஊட்டுக்குப் போறோம்டான்னு கெளம்புற பையன், சொந்தக் காசப் போட்டு ஆர்டர் குடுத்து செஞ்சிக்கினதுதான் இந்த ஜாடி. அதனாலதான் அதுல அவன் பேரு இருக்கும், ரிசர்விஸ்ட்டுன்னு முன்னாடி போட்டு. எந்தப் படை, எந்த நம்பரு, எந்த ஊர்ல முகாம், எந்த வருசத்துலேர்ந்து எந்த வருசம் வரைக்கும், எல்லாம் எழுதியிருக்கும். கூட இருந்த பசங்க பேரெல்லாம் பக்கவாட்டுல வரிசையா ஓடும். 1890க்கு மேல 1914 வரைக்கும் இது அங்க பெரிய ஏவாரம். பவேரியா பக்கம் ரொம்பக் கொண்டாட்டம்.

இப்போ கணக்குக்கு வருவோம். 1893ல அவங்க சட்டத்த மாத்துனாங்க. காலாட்படைக்கு ரெண்டு வருசம், குதிரைப் படைக்கு மூணு வருசம், கப்பல் படைக்கும் மூணு வருசம். இப்போ உன் ரெண்டாவது ஜாடி, குதிர மேல ஈட்டி புடிச்சிக்கினு ஒருத்தன் பறக்கறானே, அதுல வருசம் இன்னா போட்டிருக்குது? 1905லேர்ந்து 1907. ரெண்டே வருசத்துல குதிரைக்காரன ஊட்டுக்கு அனுப்பிட்டானுங்களா? குதிரக்கி லீவு உட்டுட்டாங்களா? ஜாடி செஞ்சவனுக்குப் படம் வரையத் தெரிஞ்சிருக்குது, சட்டம் தெரியல. வாங்குனவனுக்கு ரெண்டும் தெரியல.

அப்புறம் மூடியத் தெறந்து, ஜாடியத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரா உள்ள பாரு. அடி பீங்கான்ல மேடும் பள்ளமுமா அச்சு வச்சிருப்பான். மெல்லிசா இருக்கற எடத்துல வெளிச்சம் ஊடுருவும், தடிமனா இருக்கற எடம் இருட்டா நிக்கும். வெறுமன பாத்தா சொறி புடிச்ச மாதிரி இருக்கறது, வெளக்குக்கு நேரா காட்டுனா படமா வந்து நிக்கும். லித்தோபேன்னு பேரு. குடிச்சி முடிச்சவனுக்கு மட்டும் தெரியற படம், பாத்தியா குசும்ப! பழைய ஜாடியில பெரும்பாலும் சிப்பாயி காதலிகிட்ட சொல்லிக்கினு பிரியறது, இல்லன்னா ஊடு திரும்புறது, ராசா ராணி, இப்பிடி இருக்கும். உன் மூணாவது ஜாடியில நான் பாத்தது அம்மணமா ஒரு பொம்பள. எனக்கு வயசாயிடுச்சு, இருந்தாலும் கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் வச்சன். அது டூரிஸ்ட்டுக்குன்னு பின்னால செஞ்ச சரக்கோட அடையாளம். பாக்கறதுக்குக் காசு இல்ல, வாங்கறதுக்குத்தான் காசு. பாத்துட்டு வச்சிருக்கணும் நீயி.

மொதல் ஜாடியப் பத்தி ஏன் பேசலன்னு கேக்கறியா. அதோட அடியில ‘வெஸ்ட் ஜெர்மனி’ன்னு எழுதியிருக்குது. பேத்தி படிச்சிட்டு சிரிச்சா. அந்த நாடு பொறந்ததே 1949ல. 1990ல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. கைசரோட சிப்பாயி 1908ல பீரு குடிச்ச ஜாடியில, நாப்பது வருசம் கழிச்சிப் பொறக்கப் போற நாட்டுப் பேரு எப்பிடி வந்துச்சு? கிளி ஜோசியம் பாத்து எழுதுனானா? ‘மேட் இன் ஜெர்மனி’ங்கறதுக்கும் ஒரு கத இருக்குது. 1887ல இங்கிலீஷ்காரன் சட்டம் போட்டான், வெளிநாட்டுச் சரக்குல எந்த நாடுன்னு போடணும்னு. ஜெர்மன் சரக்கு மட்டமானது, பேரப் பாத்தா எவனும் தொட மாட்டான்னு கணக்குப் போட்டான். நடந்தது நேர்மாறு. பேரப் பாத்துத்தான் வாங்குனான் ஒலகமே. இன்னிக்கு நீயும்தான வாங்கற.

முத்திரைய நம்பலாமான்னு கேப்ப. மைசன்ங்கற ஜெர்மன் ஆலையோட முத்திர ரெண்டு கத்தி குறுக்கால வச்சது, நீல நெறம். பெர்லின் அரமன ஆலையோட முத்திர செங்கோலு. அந்தக் கத்திய எத்தினி பேரு காப்பி அடிச்சிருக்கான்னு எண்ணி முடியாது. முத்திர இருக்குதுன்னு வாங்காத, இல்லன்னும் தள்ளாத. சிப்பாயி ஜாடியில முத்திரையே போடாத அசல் ஏகப்பட்டது. ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வண்ணத்தப் பாரு. பழசுல கோட்ட மட்டும் அச்சடிச்சி, உள்ள கையால வண்ணம் போட்டிருப்பாங்க, வெரலுக்குத் தட்டும். வரிச தப்பாத சின்னச் சின்னப் புள்ளியா, பேப்பர்ல வர்ற போட்டோ மாதிரி தெரிஞ்சா, வணக்கம் சொல்லிட்டு எழுந்து வந்துரு. மூடி இல்லாத ஜாடியப் பாத்தும் மொகம் சுளிக்காத. 1914ல ஆரம்பிச்ச சண்ட நடக்கறப்போ ஒலோகம் பத்தாம, பீர் ஜாடி மூடியையும் கவர்மென்ட்டு கேட்டு வாங்கிக்கிச்சு. மொட்டையா நிக்கறவன் யோக்கியனா இருக்கலாம். பளபளன்னு புது மூடி போட்டவன்தான் சந்தேகம்.

நீ பீங்கான் மேல பைத்தியமாயிட்டன்னு உன் பொண்டாட்டி அழுவுறா. அவகிட்ட சாக்சனி ராசா கதையச் சொல்லு, மனசு ஆறும். நம்ம செஞ்சியில தேசிங்கு ராசன் ஆற்காட்டு நவாப்பு படையோட மோதி செத்தது 1714. தெருக்கூத்துல விடிய விடியப் பாத்திருக்கியே. அவன் செத்து மூணாவது வருசம், 1717ல, அந்தப் பக்கம் சாக்சனியில பலசாலி அகஸ்டஸ்னு ஒரு ராசா. சீனா பீங்கான்னா உசுரு. பக்கத்து நாடு பிரஷ்யா ராசா பிரெடெரிக் வில்லியமுக்கு சிப்பாயின்னா உசுரு, அதுவும் நெட்டையா இருந்தா இன்னும் உசுரு. ரெண்டு பேரும் பண்டமாத்து பேசுனாங்க. அகஸ்டஸ் 600 குதிரைப் படை ஆளுங்களக் குடுத்தாரு. பதிலுக்கு 151 சீனா பீங்கான் வாங்கிக்கினாரு. கணக்குப் போட்டுப் பாரு, ஒரு பீங்கானுக்கு நாலு ஆளு. துண்டுக்குள்ள வெரலப் புடிச்சித்தான் பேசுனாங்களோ இன்னாவோ. அந்தப் பெரிய நீல ஜாடிங்களுக்கு இன்னிக்கும் டிராகூன் ஜாடின்னுதான் பேரு. டிரெஸ்டன்ல பத்திரமா வச்சிருக்காங்க. ஆளுங்க பத்திரமா இருந்தாங்களான்னு எவனும் கேக்கல.

அந்தாளு சிப்பாயக் குடுத்து பீங்கான் வாங்குனாரு. நீ பீங்கான்ல சிப்பாய வாங்கற. அவர விட நீ எவ்வளவோ தேவலன்னு மருமவகிட்ட நான் சொன்னன். அவ இன்னா சொன்னா தெரியுமா? அவருகிட்ட 600 பேரு இருந்தாங்க, இவருகிட்ட ஹோம் லோன் இருக்குதுன்னா.

அதே அகஸ்டஸ்தான் தங்கம் பண்ணித் தர்றேன்னு பீலா உட்ட போட்கர்னு ஒரு பையன ஜெயில்ல வச்சிப் பாத்தாரு. தங்கம் வரல. பீங்கான் வந்துச்சு. 1710ல மைசன் கோட்டைக்குள்ள ஆல தொறந்தாங்க. ஐரோப்பாவுல அசல் பீங்கான் சுட்ட மொத ஆல அது. பின்னால, பிரஷ்யாவோட இன்னொரு பிரெடெரிக்கு 1763ல பெர்லின்ல பீங்கான் ஆலைய வாங்கித் தன் செங்கோல அடிச்சிக்கினாரு. அங்க ஆதியிலேர்ந்தே பீங்கானும் பட்டாளமும் ஒரே ஊட்டு சோறு தின்னதுங்க.

எம்டன் ஜாடி ஒண்ணு காரைக்குடியில இருக்குதாம், போன்ல போட்டோ வந்துச்சுன்னு துள்ளிக்கினு இருந்தியே. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் கடலுக்கு வந்து குண்டு போட்டுச்சு, பர்மா ஆயில் கம்பெனி டேங்கு ரெண்டு எரிஞ்சிச்சு, ஊரே மூட்ட முடிச்சக் கட்டுச்சு. ஹைகோர்ட்டு மதில்ல கல்வெட்டு வச்சிருக்காங்க. எல்லாம் நெசம். கேப்டன் பேரு முல்லர், அதுவும் நெசம். ஆனா போட்டோவுல எம்டன், மெட்ராஸ், 1914ன்னு ஜாடியில எழுதியிருக்குதுன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு இருமல் வந்துச்சு. ஊட்டுக்குப் போற சிப்பாயி வாங்கறதுதான ஜாடி? சண்ட ஆரம்பிச்சது ஆகஸ்ட்டு. சண்டையில எவன ஊட்டுக்கு அனுப்புவான்? நவம்பர் 9ல கோகோஸ் தீவுகிட்ட சிட்னிங்கற ஆஸ்திரேலியாக் கப்பல் எம்டன அடிச்சி நொறுக்கிடுச்சு. நடுவுல எந்தக் கடையில நிறுத்தி ஜாடிக்கு ஆர்டர் குடுத்தான்? எம்டன் படையில சேந்தது 1909. அதுல வேல பாத்துட்டு 1913க்குள்ள கரை எறங்குனவன் ஜாடின்னு எவனாவது காட்டுனா, அப்போ உக்காந்து பேசலாம்.

இன்னொரு ரகம் இருக்குது. சண்ட ஆரம்பிச்சப்புறம் செஞ்ச கப்பு, தட்டு. கைசர் ஒரு பக்கம், ஆஸ்திரியாவோட கெழ ராசா பிரான்ஸ் ஜோசப் ஒரு பக்கம், நடுவுல இரும்புச் சிலுவ, கீழ 1914. ஊட்டுல உக்காந்து காபி குடிக்கிறவங்களுக்கு வீரம் ஊட்டறதுக்காகப் பண்ணது. எண்ணிக்கையில ஏராளம், வெலையும் ஜாடி அளவுக்குப் போகாது. கத்துக்குட்டி அதுல ஆரம்பிக்கலாம். இல்லன்னா 1921ல சாக்சனி அரசாங்கத்துக்காக மைசன்ல செங்காவி நெறத்துல சுட்ட பீங்கான் காசு வாங்கு. 20 பென்னிக்லேர்ந்து 20 மார்க் வரைக்கும் உண்டு. சண்டையில ஒலோகமெல்லாம் கரைஞ்சிபோயி, மண்ணுல காசு அடிக்கிற நெலமைக்கு வந்துட்டானுங்க. சட்டப் பையில போட்டுக்கலாம், பொண்டாட்டி கண்ணுலயும் படாது.

வெளையாட்ட உட்டுட்டு ஒண்ணு சொல்றன், கேட்டுக்கோ. தட்டுல ஸ்வஸ்திக் இருக்குது சார், நம்ம புள்ளையார் சின்னம், ராசியான தட்டுன்னு ஒருத்தன் விக்க வருவான். ஹிட்லர் ஆளுங்களோட சரக்கு அது. அல்லாக்னு ஒரு பீங்கான், அடியில ரெண்டு மின்னல் கோடு பின்னுன மாதிரி முத்திர. எஸ்எஸ் படை நடத்துன ஆல. டாக்காவ் வதைமுகாம்ல அடைச்சி வச்சிருந்த கைதிங்கள வச்சி வேல வாங்குனாங்க. பொம்ம ரொம்ப அழகா இருக்கும். அது என் ஊட்டு வாசப்படி தாண்டக் கூடாது.

பழைய ஜாடிக்கு வர்றன். நீ அதுல ராசா மூஞ்சியப் பாக்கற, கொடியப் பாக்கற. பக்கவாட்டுல இருக்கற பேரப் படிச்சியா? அசல் ஜாடி எப்பவாவது கையில வந்தா மொதல்ல அதப் படி. ரிசர்விஸ்ட்டுன்னா ஊட்டுக்குப் போனாலும் கூப்புட்டா வரணும்னு அர்த்தம். 1906ல ஜாடி வாங்கி, ஊருக்குப் போயி, கல்யாணம் பண்ணி, கொல்லையில உருளக்கெழங்கு போட்டுக்கினு இருந்தவன 1914 ஆகஸ்ட்டுல கூப்புட்டாங்க. அந்தச் சண்டையில செத்தவன், காயம் பட்டவன், காணாமப் போனவன் பேரெல்லாம் அவங்க அரசாங்கம் பட்டியலா அச்சடிச்சி வச்சிருக்குது, இப்போ போன்லயே தேடலாம். பேரு, ஊரு ரெண்டும் ஜாடியில இருக்குதே. பேத்தி ஒரு சாயங்காலத்துல தேடிக் குடுப்பா. எதுத்தாப்புல பிரான்சு பக்கத்துல நம்மாளும் நின்னான், மறந்துடாத. புதுச்சேரி பீச்சு ரோட்டுல 1938ல தெறந்த போர் நினைவுச் சின்னம் நிக்குதே, அதுக்குப் பக்கத்துல நின்னு எத்தினி செல்பி எடுத்திருக்க! இங்கேர்ந்து கப்பலேறிப் போயி திரும்பாதவங்களுக்காகக் கட்டுனது அது. உன் ஜாடிக்காரனும் நம்ம புதுச்சேரிக்காரனும் நேருக்கு நேரா பாத்துக்கினாங்களோ இன்னாவோ.

நம்ம தேசிங்குக்கு ஏன் பெரியப்பா எவனும் பீங்கான்ல ஜாடி போடலன்னு கேட்ட பாரு, அது நல்ல கேள்வி. பீங்கான்ல போடல, ஆனா பீங்கானுக்கும் அவனுக்கும் ஒரு ஒட்டு இருக்குது. அவன் பொண்டாட்டி ஒடங்கட்ட ஏறுனா, அவ நெனவா நவாப்பு ஒரு ஊர உண்டாக்குனாருன்னு சொல்லுவாங்க. ராணிப்பேட்ட. பிற்பாடு அதே ராணிப்பேட்டையிலதான் பாரி கம்பெனி பீங்கான் ஆல வச்சுது. அங்க சுட்டது இன்னான்னு கேக்கறியா? கழுவுற பேசினு, கக்கூஸ் கோப்ப. வீர வரலாத்துப் பீங்கான்தான் வேணும்னா உன் ஊட்டு பாத்ரூம்லயே தேடிப் பாரு, கெடைக்கும்.

ஜாடிய வச்சிக் காப்பாத்தற வழியும் கேட்டுக்கோ. அதுல ரசம் ஊத்தி ஆசையாக் குடிக்காத. பழைய வண்ணத்துலயும் மூடி ஒலோகத்துலயும் ஈயம் இருக்கும், புளி பட்டா எறங்கும். பாத்திரம் தேய்க்கிற பவுடரு, நாரு எதுவும் கிட்ட வரக் கூடாது. தங்கப் பூச்சு போயிடும். வெதுவெதுப்பா தண்ணி, மெல்லிசு துணி, அவ்வளவுதான். மூடியப் புடிச்சித் தூக்காத, பிடியோட கீலு ஒடைஞ்சிரும். மருமவ உன் மூணாவது ஜாடியில கல்லுப்பு போட்டு அடுப்படியில வச்சிருக்கறத நான் பாத்தன், ஒண்ணும் சொல்லிக்கல. அந்த ஜாடிக்கு அதுதான் சரியான உத்தியோகம். அப்புறம், நூறு வயசு தாண்டுன கலைப்பொருளு விஷயத்துல 1972ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்குது. எதையாவது வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பற யோசன வந்தா, மொதல்ல தொல்லியல் ஆபீசுல கேட்டுட்டுச் செய்யி.

காரைக்குடிக்குப் போறதா இருந்தா முனீஸ்வரன் கோயில் தெருவுல நேரா ஜாடிகிட்ட போயி நிக்காத. உன் கண்ணு எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் அவன் வெல சொல்லுவான். மொதல்ல எனாமல் வாளி வெல கேளு. அப்புறம் சாமி பொம்ம கேளு. ரவிவர்மா படத்தப் பாத்து ஜெர்மன்காரன் இந்தியாவுக்குன்னே செஞ்சி அனுப்புன லட்சுமி, கிருஷ்ணரு பீங்கான் பொம்மையெல்லாம் செட்டிமாருங்க ஊட்டுலேர்ந்து வரும். அதப் பாத்து, இன்னாங்க அம்மனுக்கு மூக்கு வெள்ளக்காரி மூக்கா இருக்குதுன்னு ஒரு கொற சொல்லு. டீ வரும், குடி. எழுந்திருக்கறப்போ, அந்த பீரு ஜாடி இன்னா, ஒடைஞ்சதான்னு போற போக்குல கேளு.

உனக்கு அதெல்லாம் வராது. மொகத்துலயே வெல எழுதி ஒட்டியிருக்கற ஆளு நீயி. விழுப்புரத்துலேர்ந்து ராத்திரி ராமேஸ்வரம் வண்டிக்கு ரெண்டு டிக்கெட்டா போடு, எனக்குக் கீழ் பெர்த்து. வெரல நான் புடிக்கிறன், காச நீ குடு. தரகு உன்கிட்ட ரெண்டு பர்சென்ட்டு. கடைக்காரன்கிட்ட எம்மாம் வாங்கறன்னு நீ கேக்கக் கூடாது.